துயரத்திலிருந்து மீள்பவருக்கு இலவசமாக அறை ஒழுங்கு செய்து கொடுப்பது எப்படி?

உள்ளக வடிவமைப்புப் படிக்கும் இருவர், ஒரு தச்சு பாஸ், சின்ன லொறி வைத்திருக்கும் நண்பர் என்று நான்கு பேர் சேர்ந்திருக்கிறீர்கள். துணையை இழந்தவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை முடித்து வந்தவர்கள், அடி உதை தாங்காமல் வீட்டை விட்டு வெளியேறியவர்கள் ஆகியோருக்குக் கொழும்பில் இலவசமாக வீட்டை ஒழுங்கு செய்து கொடுக்க விரும்புகிறீர்கள். எங்கே தொடங்குவது, எவ்வளவு சாமான் தேவைப்படும், எங்கே பிழை வரும் என்பதுதான் கேள்வி.

கட்டிலில் தொடங்குங்கள். அடுத்தது கதவுத் தாழ்ப்பாள், அதன் பிறகு வெளிச்சம். பெயிண்ட், திரைச்சீலை, சுவர்ப்படம் எல்லாம் அதற்குப் பின்னால்தான். இலவசமாகச் செய்யப் போகிறவர்களில் பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். புகைப்படத்தில் தெரிவது பெயிண்டும் திரைச்சீலையும் என்பதால் காசு அங்கே போய்விடுகிறது. கடைசியில் அடி உதைக்குத் தப்பி வந்த பெண் அழகான அறையில் பழைய தும்பு மெத்தையில், தாழ்ப்பாள் சரியாக விழாத கதவைப் பார்த்தபடி விழித்துக் கிடப்பார்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரரை ஒரு நாள் வெளியே அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் மாற்றி, கண்ணைக் கட்டிக் கூட்டிவந்து காட்டும் தொலைக்காட்சி முறை இவர்களுக்கு ஆகாது. தன் வாழ்க்கையில் தன்னைக் கேளாமலே எல்லாம் மாறிப்போன ஒருவருக்கு, தன்னைக் கேளாமலே அறையும் மாறுவது பரிசாகத் தெரியாது. ஒவ்வொரு சாமானுக்கும் அவர் வாயால் “சரி” வர வேண்டும்.

அமெரிக்காவில் இந்த வேலைக்கென்றே அமைப்புகள் இருக்கின்றன. டிட்ரொயிட் பக்கம் 2009இல் தொடங்கிய ஹம்பிள் டிசைன், அதே ஆண்டு டலஸில் தொடங்கிய டுவெல் வித் டிக்னிட்டி இரண்டும், அடைக்கலத் தங்குமிடங்களிலிருந்து புதுவீடு போகும் குடும்பங்களுக்கு நன்கொடைத் தளபாடங்களால் வீட்டை நிரப்பிக் கொடுக்கின்றன. அந்த வேலையின் முதுகெலும்பு பண்டகசாலை. உங்களிடம் அது இல்லை. கொழும்பில் கராஜ் ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சேர்த்து வைத்தாலும் ஈரத்தில் பலகை உப்பும், இரும்பு துருப்பிடிக்கும், எலி மெத்தையைக் கிழிக்கும். ஆகவே சாமான் சேகரிக்க வேண்டாம். “யாரிடம் என்ன இருக்கிறது” என்ற பட்டியலை மட்டும் சேகரியுங்கள்: அளவு, படம், எந்த மாதம் வரை வைத்திருப்பார்கள் என்ற விபரம். தேவை வந்த நாளில் கொடுப்பவர் வீட்டிலிருந்து லொறி நேரே பெறுபவர் வீட்டுக்குப் போகட்டும்.

ஆட்களை நீங்களே தேடிப் போகாதீர்கள், முகநூலில் அழைப்பும் போடாதீர்கள். ஏற்கெனவே அவரோடு பழகும் ஒருவர் பரிந்துரைக்க வேண்டும், நீங்கள் வேலை முடித்துப் போன பிறகும் அவர் தொடர்ந்து இருக்க வேண்டும். மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு வருகிற குடும்பங்களை அறிந்த சமூக சேவையாளர், அரச வைத்தியசாலைகளில் வன்முறைக்குள்ளானோருக்காக இயங்கும் நட்பு நிலையங்கள் (சிங்களத்தில் மித்துரு பியச), 1987 முதல் இயங்கும் விமன் இன் நீட் என்ற பெண்கள் உதவி அமைப்பு, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று வழிகள் உண்டு. தொலைபேசியில் 1938 மகளிர் உதவிச் சேவை, 1926 மனநல உதவிச் சேவை. இந்த இரண்டு எண்களும் நான்கு பேரின் போனிலும் இருக்கட்டும். வேலை நடுவில் யாராவது உடைந்து அழுதால் ஆலோசகர் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

எப்போது போவது என்பதிலும் கவனம் தேவை. சைவக் குடும்பத்தில் இறப்பு நடந்திருந்தால் 31ஆம் நாள் அந்தியேட்டி முடியும் முன் ஒரு கதிரையைக்கூட நகர்த்தப் போகாதீர்கள். வந்து போகும் சொந்தக்காரரால் வீடு நிறைந்திருக்கும், முடிவு சொல்லும் ஆள் மாறிக்கொண்டே இருப்பார். கணவரை இழந்த முஸ்லிம் பெண் இத்தாவில் (வீட்டோடு இருக்கும் துக்க காலம்) இருந்தால் 4 மாதமும் 10 நாளும் பொறுங்கள். அந்தக் காலத்தில் அவசரமாக ஏதாவது தேவைப்பட்டால் பெண்கள் மட்டும் போய்ச் செய்வது நல்லது, தச்சு வேலையைப் பின்னுக்குத் தள்ளலாம்.

முதல் சந்திப்புக்கு இரண்டு பேர் போதும், ஒருவர் கட்டாயம் பெண். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்க வேண்டாம். லப்டொப் வேண்டாம், அளவுநாடா, சதுரக் கோட்டுத் தாள், பென்சில் போதும். என்ன நடந்தது என்று கேட்காதீர்கள், அது உங்களுக்குத் தேவையில்லாத தகவல். தேவையானவை இவைதான்: இப்போது எங்கே படுக்கிறீர்கள், நித்திரை வருகிறதா? ஒரு நாளில் எந்த நேரம் வீட்டில் இருக்கக் கஷ்டமாக இருக்கிறது? கண்ணில் படாமல் இருந்தால் நல்லது என்று நினைக்கும் சாமான் எது? யாரும் தொடவே கூடாதது எது? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை எழுதி வைத்து, வேலை நாளில் எல்லோருக்கும் சொல்லுங்கள். கணவர் உட்கார்ந்த பிளாஸ்டிக் கதிரையைப் பழசு என்று தூக்கி வெளியே வைத்தால், மீதி எதைச் சரியாகச் செய்தாலும் பயனில்லை. மறைக்க விரும்பும் சாமானைக்கூட வீசாமல் பெட்டியில் போட்டு, பெயரெழுதி, கட்டிலுக்குக் கீழே வைத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அவரே முடிவெடுப்பார்.

சாமிப்படம் எந்தத் திசை பார்க்க வேண்டும், மாலை போட்ட படம் எங்கே, தலை எந்தப் பக்கம் வைத்துப் படுப்பது என்பதையும் இதே சந்திப்பில் கேளுங்கள். உங்களுக்கு வாஸ்துவில் நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம், ஆனால் அந்தக் கட்டிலில் படுக்கப் போவது நீங்கள் இல்லை.

அளவு எடுப்பதில் அறையை விட வழிதான் முக்கியம். கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கத்துப் பழைய வீடுகளின் மரப்படி, வெள்ளவத்தை அனெக்ஸ்களின் பின்பக்கச் சந்து, மட்டக்குளி, வனாத்தமுல்லை அடுக்குமாடிகளின் லிஃப்ட் என்று இவை மூன்றும் மூன்று விதமாக மறிக்கும். வாசலின் உண்மையான திறப்பு அகலம் (கதவுப் பலகை எடுத்துக்கொள்ளும் தடிப்பைக் கழித்து), படித்திருப்பத்தின் அகலம், லிஃப்டின் உயரம், ஆழம் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒரே துண்டாகச் செய்த கட்டில் தலைப்பலகையும் ஆறடி அலுமாரியும்தான் வழக்கமாக மாட்டிக்கொள்ளும்.

சாமான் எங்கே வரும் என்பதைத் தீர்மானிக்க மென்பொருள் தேவையில்லை. பழைய வீரகேசரிப் பத்திரிகைத் தாள்களை ஒட்டி 72×36 அங்குலத்தில் ஒரு கட்டில், 36×24இல் ஒரு அலுமாரி, 36×20இல் ஒரு மேசை வெட்டிக்கொள்ளுங்கள். அவற்றைத் தரையில் விரித்து, அவரையே நகர்த்தச் சொல்லுங்கள். முப்பரிமாணப் படம் காட்டினால் பெரும்பாலும் “நல்லா இருக்கு” என்றுதான் சொல்வார்கள், உதவி பெறுகிறவருக்கு மறுத்துச் சொல்லக் கூச்சம். தாளைக் காலால் தள்ளுவதற்கு அந்தக் கூச்சம் குறைவு. கட்டிலின் இறங்கும் பக்கத்தில் குறைந்தது 24 அங்குலம், ஊன்றுகோலோ நடைச்சட்டமோ பாவிப்பவர் என்றால் 36 அங்குலம் விடுங்கள். அலுமாரிக் கதவு திறந்து நிற்கும் வளைவையும் தாளில் வரையுங்கள், பலர் மறப்பது இதைத்தான்.

இனி வேலை வரிசை. முன்னால் சொன்னது எதற்கு முதலிடம் என்பது, இது எதை முதலில் செய்வது என்பது.

முதலில் ஈரம். கொழும்பில் தரைத்தள அனெக்ஸ் என்றால் சுவரின் கீழ் இரண்டு மூன்று அடி உப்புப் பூத்து, பெயிண்ட் பொருக்குப் பொருக்காக விழுவதைப் பார்ப்பீர்கள். ஓரடிச் சதுரப் பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் டேப்பால் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனின் சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது: குழாய்க் கசிவு, மேல்வீட்டுக் குளியலறை, அல்லது நிலத்திலிருந்து ஏறுவது. அறைப் பக்கம் வியர்த்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை. முதலாவது வகையாக இருந்தால் வீட்டுச் சொந்தக்காரர் கசிவைத் திருத்தும் வரை பெயிண்ட் வாங்கவே வேண்டாம். அதன் மேல் எவ்வளவு நல்ல பெயிண்டைப் பூசினாலும் அடுத்த மழைக்குக் கொப்பளிக்கும், அந்தக் கொப்பளத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறவர் அவர். அதுவரை அலுமாரியையும் கட்டிலையும் சுவரிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள், காற்றுப் போகட்டும்.

அடுத்தது மின்சாரம். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், விழவில்லை என்றால் வேறெதுவும் செய்வதற்கு முன் தகுதியுள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஒரு நீட்டிப்பு வயரில் இன்னொன்றைக் கொழுவியிருப்பது ஒற்றையறை வீடுகளில் சாதாரணம், அதை எடுத்துவிட வேண்டும். பழைய வீடுகளில் உருண்டை முள் பிளக்குகளும் புதிதாகக் கட்டியவற்றில் சதுர முள் 13 அம்பியர் பிளக்குகளும் கலந்திருக்கும். விளக்கு வாங்கும் முன் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சதுர முள் பிளக் என்றால் உள்ளே ஒரு ஃபியூஸ் இருக்கும். மேசை விளக்குக்கும் ஃபேனுக்கும் 3 அம்பியர் போதும், கடையில் போட்டுத் தருவது பெரும்பாலும் 13. பல்ப் ஹோல்டரும் அப்படித்தான், முள் வைத்த பல்ப் பொருந்தும் ஹோல்டருக்குத் திருகு பல்ப் வாங்கிக்கொண்டு போய் நிற்காதீர்கள்.

கதவு. உள்பக்கத் தாழ்ப்பாள் 6 அங்குலமாவது இருக்கட்டும், கூட வரும் அரை அங்குல ஆணிகளை ஒதுக்கிவிட்டு ஒன்றரை அங்குலத் திருகாணி போடுங்கள். தாழ்ப்பாள் பலமாக இருந்தாலும் அது நுழையும் தகடு கதவு நிலைச்சட்டத்தில் நாலு சின்ன ஆணியில் நின்றால் ஒரு உதைக்குக் கழன்றுவிடும். வெளியே யார் என்று பார்க்கும் கண்ணாடித்துளையை அவருடைய கண் மட்டத்தில் துளையுங்கள். பாஸின் கண் மட்டத்தில் துளைத்துவிட்டு, அவர் எம்பி எம்பிப் பார்ப்பது நிறைய இடங்களில் நடப்பது. பூட்டை மாற்றுவதென்றால் வீட்டுச் சொந்தக்காரரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் அபாயம் உண்டு என்று பரிந்துரைத்தவர் சொல்லியிருந்தால், குளியலறைத் தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய வகையாக இருக்க வேண்டும். அதை அவரிடம் மறைக்காமல், பரிந்துரைத்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசுங்கள்.

கட்டில் தலைப்பக்கம் கெட்டியான சுவரோடு இருக்கட்டும். படுத்த இடத்திலிருந்து கதவு தெரிய வேண்டும், ஆனால் கதவைத் திறந்ததும் வெளியிலிருப்பவர் கண்ணில் கட்டில் நேராகப் படக் கூடாது. வன்முறையைக் கண்டவர்களுக்கு இந்த ஒரு மாற்றம் போதுமான அளவு பெரிது, செலவு ஒன்றுமில்லை. நோயிலிருந்து தேறுபவருக்கு இன்னொன்று: யன்னல் வழியே மரமோ வானமோ தெரியும்படி திருப்பிப் போடுங்கள். ரொஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்த 46 நோயாளிகளில் மரம் தெரியும் யன்னல் பக்கம் இருந்தவர்கள் செங்கல் சுவர் பார்த்தவர்களை விடச் சீக்கிரம் வீடு போனார்கள், வீரியமான வலிமருந்தும் குறைவாகக் கேட்டார்கள். அது வைத்தியசாலை, வெள்ளவத்தை அனெக்ஸ் இல்லைதான். இருந்தாலும் கட்டிலைத் திருப்பிப் பார்ப்பதில் நட்டமில்லை.

மெத்தையை மட்டும் ஒருபோதும் பழையதாக வாங்காதீர்கள், யார் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். மூட்டைப்பூச்சி ஒரு தடவை ஏறினால் முழு மாடிக்கும் பரவும், பழி அந்தக் குடும்பத்தின் மேல் விழும். பழைய மரக்கட்டில் எடுக்கலாம், ஆனால் திருகாணித் துளைகள், மூட்டுகள், தலைப்பலகையின் பின்பக்கம் எல்லாவற்றையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளி, உரிந்த தோல் தெரிந்தால் வேண்டாம். துணிகள் 60 பாகைச் சூட்டில் கழுவி உலர்த்தினால் தப்பும், வெயிலில் காயப்போட்டால் போதும் என்பது நம்பத்தகாதது. மரத்தில் உளு இருக்கிறதா என்று அறிய, கறுப்புத் தாளை விரித்து அதன் மேல் ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள், மா போலத் தூள் கொட்டியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். ரப்பர் மரமும் அல்பீசியாவும் சீக்கிரம் உளுக்கும்.

புதிதாகச் செய்விப்பது என்றால் மொறட்டுவைத் தச்சர்களிடம் போல்ட் போட்டுப் பிரிக்கக்கூடிய கட்டிலாகச் சொல்லிச் செய்வியுங்கள். கொழும்பில் வாடகைக்கு இருப்பவர் ஒரு வருடத்தில் மறுபடி வீடு மாறக்கூடும், ஆணியடித்த கட்டில் அந்த வாசலிலேயே உடையும். போல்ட் இறுக்கும் சாவியை ஒரு உறையில் போட்டுக் கட்டிலின் அடிப்பலகையில் டேப்பால் ஒட்டிவிடுங்கள். கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் என்றால் 2016 மே மாத வெள்ளத்தை நினைத்துக்கொண்டு தெரிவு செய்யுங்கள்: கால் உள்ள திண்மரச் சாமான் காய்ந்து மீளும், தரையைத் தொட்டு நிற்கும் மெலமைன் அலுமாரி ஒரு முறை நனைந்தால் குப்பைக்குத்தான். வெள்ளம் வராத இடத்திலும் அந்த அலுமாரிக்கு நாலு அங்குலக் கால் போடுவது நல்லது, தரை கழுவும் தண்ணீரே அதை உப்ப வைக்கும். கடற்கரைப் பக்கம், வெள்ளவத்தை முதல் தெஹிவளை வரை, சாதாரண இரும்புத் திருகாணி வெகு சீக்கிரம் துருப்பிடித்துச் சுவரில் கறை வடிக்கும், துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள்.

நுளம்பு வலைக்கும் கூரை ஃபேனுக்கும் எப்போதும் சண்டை. நாலு மூலை வலை என்றால் கொங்கிரீட் கூரையில் 6 மில்லிமீற்றர் ரோல் பிளக் (துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறை) போட்டு நாலு கொக்கி. கொக்கிகளை ஃபேன் இறக்கை சுழலும் வட்டத்துக்கு வெளியே குறியுங்கள், வலையின் மேல்துணி ஃபேனுக்கு ஓரடிக்காவது கீழே நிற்க வேண்டும். கூரையைத் துளைக்க அனுமதி இல்லையென்றால் கட்டிலின் நாலு காலிலும் கம்பு கட்டும்படி தச்சரிடம் வளையம் போடச் சொல்லுங்கள்.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மிகக் குறைந்த காசில் மிகப் பெரிய மாற்றம் இங்கேதான். வழக்கமாக அறையின் நடுவில் ஒரு வெள்ளை டியூப் லைட் இருக்கும், 6500 கெல்வின், கிளினிக் வெளிச்சம். ஊசி ஏற்றி ஏற்றிச் சலித்து வந்தவருக்கு வீட்டிலும் அதே நிறம். அதைக் கழற்ற வேண்டாம், துப்புரவு செய்யவும் பிள்ளைகள் படிக்கவும் அது வேண்டும். கூடவே கட்டில் பக்கத்தில் 3000 கெல்வின் மஞ்சள் ஒளி, 7 முதல் 9 வோட்ஸ் எல்.ஈ.டி. பல்ப் ஒன்று, படுத்தபடியே கை எட்டும் சுவிட்சோடு. கட்டிலிலிருந்து கழிவறை வரை ஒரு வோட்ஸ் இரவு விளக்கு ஒன்றோ இரண்டோ, முழங்காலுக்குக் கீழே. விளக்கை அணைக்கச் சுவர் வரை போய், இருட்டில் தடவித் திரும்பி வரும் அந்தப் பத்தடி பலருக்கு நாளின் மோசமான பகுதி. படுக்கைப் பக்கம் இரண்டாவது சுவிட்ச் போடச் சுவர் வெட்ட முடியாவிட்டால், கவ்வி விளக்கு ஒன்றே போதும்.

இப்போதுதான் பெயிண்ட். நிற அட்டையைக் காட்டி முடிவெடுக்க வைக்காதீர்கள். மூன்று நிறத்தில் சின்ன டின் வாங்கி, இரண்டு சுவரில் இரண்டடிச் சதுரமாகப் பூசி, காலை, பின்னேரம் நாலு மணி, இரவு என்று ஒரு நாள் முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள். மேற்கு யன்னல் அறையில் மாலை வெயில் பட்டால் மெல்லிய மஞ்சளும் செம்மஞ்சளாக எரியும். துணையை இழந்த பெண்ணுக்கு வெள்ளைதான் பொருத்தம் என்று நீங்களோ அவருடைய மைத்துனரோ முடிவு செய்ய வேண்டாம். கணக்கு இது: 10×10 அடி அறை, 9 அடி உயரம் என்றால் சுவர் 360 சதுர அடி, கதவும் யன்னலும் போக ஏறத்தாழ 320. இரண்டு பூச்சுக்கு 640. ஒரு லீற்றர் எமல்ஷன் நடைமுறையில் 100 முதல் 120 சதுர அடி போகும், ஆகவே 6 லீற்றர். நாலு லீற்றர் டின் ஒன்று, ஒரு லீற்றர் டின் இரண்டு. அடிப்பூச்சு தனி, 3 லீற்றர். பழைய பெயிண்டைச் சுரண்டி, பட்டி போட்டு, உப்புத்தாள் தேய்க்காமல் பூசினால் உரிந்துவிடும். புதிதாகப் பூசிய சீமெந்து என்றால் 28 நாள் காத்திருங்கள். கீமோ நடந்துகொண்டிருப்பவர் அல்லது அண்மையில் முடித்தவர் வீடு என்றால் மணம் குறைந்த நீர்ப்பெயிண்ட் மட்டும், அதுவும் அவர் இரண்டு மூன்று நாள் வேறிடத்தில் தங்க வசதி இருந்தால்தான். உப்புத்தாள் தூசியும் பூஞ்சணம் சுரண்டிய தூசியும் அவருக்கு ஆகாது.

அதே பூஞ்சணப் பயத்தால் கீமோ எடுப்பவர் அறையில் பூச்சட்டியும் வேண்டாம். மற்ற வீடுகளிலும் கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் ஊற்றி மணி பிளாண்ட் வைத்து அலங்கரிக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். அது டெங்கு நுளம்பு முட்டையிடும் இடம், சுகாதாரப் பரிசோதகர் வந்தால் அந்த வீட்டுக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். செடி கேட்டால் மண்ணில், கீழே தட்டு இல்லாமல், யன்னலுக்கு வெளியே.

திரைச்சீலைக்குப் புறக்கோட்டை கெய்சர் வீதி. பலர் துணி போதாமல் இரண்டாம் தடவை பஸ் ஏறுவார்கள், அதற்குள் அந்த நிறம் முடிந்திருக்கும். நாலடி அகல யன்னலுக்குக் கம்பி ஐந்தடி, சுருக்கம் விழ இரு மடங்கு துணி, அதாவது பத்தடி அகலம். 60 அங்குல அகலத் துணியில் இரண்டு துண்டு. யன்னல் உயரம் 54 அங்குலம், மேலே 6, கீழே 8, மடிப்புக்கு 10 என்று கூட்டினால் 78 அங்குலம், ஏறக்குறைய இரண்டு மீற்றர். ஆக நாலு மீற்றர். பருத்தி அல்லது கைத்தறி என்றால் சுருங்கும், கால் மீற்றர் கூட வாங்கி, வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவிடுங்கள். தரைத்தளத்தில் மெல்லிய துணி ஒன்று, தடித்தது ஒன்று என இரட்டைக் கம்பி போடுங்கள்: பகலில் வெளிச்சம் வர வேண்டும், வழியால் போகிறவர் எட்டிப் பார்க்கக் கூடாது. சமையல் அதே அறையில் நடந்தால் அடுப்பிலிருந்து மூன்றடிக்குள் துணி எதுவும் தொங்க வேண்டாம்.

இறாக்கை உயரத்தை ஆளைப் பார்த்துத் தீர்மானியுங்கள். மார்பகச் சத்திரசிகிச்சை செய்தவருக்குப் பல வாரங்கள் அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தக் கஷ்டமாக இருக்கும். தினமும் எடுக்கும் சாமான் எல்லாம் 28 முதல் 52 அங்குலத்துக்குள் இருக்கட்டும். கைப்பிடி உள்ள கதிரை, இருக்கை உயரம் 18 அங்குலத்துக்குக் குறையாமல், குழியும் சோபா வேண்டாம். குளியலறைக் கைப்பிடி 33 முதல் 36 அங்குலத்தில். சுவர் பொந்துள்ள கல்லாக இருந்தால் பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது, உடல் பாரம் விழும் நொடியில் கழன்று வரும். கெட்டிச் சுவரோ தூணோ தேடி உலோக அங்கர் போடுங்கள், நீங்களே தொங்கிப் பார்த்த பிறகு விட்டுப் போங்கள்.

பூட்டு உள்ள ஒரு இழுப்பறை எல்லா வீட்டுக்கும் கட்டாயம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மரணச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், கிளினிக் புத்தகம் எல்லாம் ஒரே இடத்தில். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றப் பாதுகாப்புக் கட்டளை பெற்றவர் என்றால் அதன் பிரதியும். இரண்டு சாவியும் அவரிடமே. “ஒன்று எங்களிடம் இருக்கட்டும்” என்று யாரும் சொல்லக் கூடாது.

காசு எவ்வளவு இருந்தாலும் பங்கு இப்படிப் பிரித்தால் சறுக்காது: நூறு ரூபாவில் நாற்பது கட்டிலுக்கும் மெத்தைக்கும், இருபது கதவுக்கும் மின்சாரத்துக்கும் விளக்குக்கும், பதினைந்து சுவருக்கு, பதினைந்து அலுமாரிக்கும் திரைச்சீலைக்கும், பத்து கையிருப்பு. கையிருப்பு முழுவதும் லொறி டீசலுக்கும் மறந்துபோன திருகாணிக்கும் பழைய சோனகத் தெரு இரும்புக் கடைகளுக்கு ஓடும் ஓட்டத்துக்கும் போய்விடும், கவலைப்படாதீர்கள்.

வேலைக்கு முன் ஒரு பக்கக் கடதாசி எழுதுங்கள், அவருக்குத் தமிழில், வீட்டுச் சொந்தக்காரர் சிங்களம் பேசுபவர் என்றால் அவருக்குச் சிங்களத்தில் ஒரு பிரதி. என்ன செய்கிறோம், எங்கே துளைக்கிறோம், கொண்டுவரும் சாமான் முழுவதும் இன்னாருக்குச் சொந்தம், எந்தக் கட்டத்திலும் அவர் வேண்டாம் என்று சொல்லலாம், படம் எடுக்க மாட்டோம். சாமான் பட்டியலும் பற்றுச்சீட்டும் அவர் பெயரில். இது இல்லாவிட்டால் வீடு விடும் நாளில் “ஃபேன் என்னுடையது” என்று சொந்தக்காரர் சொல்வார், அல்லது பிரிந்த கணவரின் வீட்டார் அலுமாரி கேட்டு வருவார்கள். கழற்றிய பழைய கம்பி, ஹோல்டர், தாழ்ப்பாள் எல்லாம் ஒரு பையில் போட்டு வைத்தால் முற்பணத்தைத் திருப்பி வாங்கும்போது வாதாட்டம் குறையும்.

வீட்டை விட்டு வந்த பெண்ணின் முகவரி உங்கள் வட்ஸ்அப் குழுவில் இருக்கக் கூடாது. லொகேஷன் அனுப்ப வேண்டாம், லொறி ஓட்டுபவருக்கு வாயால் வழி சொல்லுங்கள். பக்கத்து வீட்டார் கேட்டால் “கட்டில் டிலிவரி” என்பது போதும், அது பொய்யும் இல்லை. அதனால்தான் உங்கள் குழுவின் பெயர் அச்சடித்த டீ-ஷேர்ட்டும் வேண்டாம் என்கிறேன்.

வேலை நாளில் நான்கு பேருக்கு மேல் போகாதீர்கள். அடுக்குமாடியில் லிஃப்ட் கூட்டம் குறைந்த நேரம் காலை பத்து மணிக்குப் பின். சாப்பாட்டை நீங்களே கட்டிக்கொண்டு போங்கள், ஆனால் அவர் தரும் தேநீரை மறுக்க வேண்டாம், சீனி கூடினாலும் குடியுங்கள். மாலை ஐந்துக்குள் தரை துடைத்து, கட்டில் விரித்து, வலை கட்டி முடித்திருக்க வேண்டும். முடியாது என்று மதியம் தெரிந்தால் திரைச்சீலையை விடுங்கள், இறாக்கையை விடுங்கள், கட்டிலும் கதவும் விளக்கும் அன்றிரவு பாவிக்கும் நிலையில் இருந்தால் போதும். மீதியை அடுத்த ஞாயிறு செய்யலாம்.

மூன்று வாரம் கழித்து, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, ஒரு தடவை போங்கள். போல்ட் தளர்ந்திருக்கும், அலுமாரிக் கதவு இறங்கியிருக்கும், திரைச்சீலைக் கம்பி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். திருப்புளி, நாலைந்து திருகாணி, ரோல் பிளக், ஒரு பல்ப் கையில் இருக்கட்டும். நீங்கள் யன்னல் பக்கம் போட்ட மேசையை அவர் கதவுப் பக்கம் இழுத்துப் போட்டு, உங்கள் சுவர்ப்படத்தைக் கழற்றிவிட்டு நாட்காட்டி மாட்டியிருந்தால் அப்படியே விடுங்கள். மேசைக்குக் கிட்ட பிளக் இல்லை என்பதை மட்டும் கவனித்து, அதற்கு என்ன செய்யலாம் என்று கேளுங்கள்.